மாரத்தான் பாதையிலிருந்து நேரலைப் படம்: புதிய ஹாம்களுக்கு ஒரு டிவி வழிகாட்டி

அமெரிக்காவில் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோவின் தொடக்க நிலையான டெக்னீஷியன் உரிமம் பெற்ற எவரும், கால் சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்தே தம் சொந்த டிரான்ஸ்மிட்டரில் டிவி படம் அனுப்பலாம். தேர்வில் 35 கேள்விகள். 26க்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. அந்த உரிமம் 50 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லா ஹாம் அலைவரிசைகளையும் திறந்துவிடுகிறது. படம் அனுப்பப் பயன்படும் 70 சென்டிமீட்டர் பேண்டும், அதாவது 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும், அதில் அடக்கம். இதை அறியாமல் வாக்கி-டாக்கியோடு நின்றுவிடும் புதியவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. மாரத்தான், ஊர்வலம், மலையோட்டம் போன்ற பொது நிகழ்ச்சிகளுக்குத் தொண்டாக, கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு டிவி நிலையத்தை எப்படி அமைப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கும்போது இது எதற்கு? பல்லாயிரம் பேர் ஒரே தெருவில் கூடும்போது செல்போன் கோபுரம் திணறும். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது செல்போன் வலைப்பின்னல் நெரிசலில் சிக்கியது. பந்தயப் பணிக்காக ஏற்கெனவே பாதை நெடுக நின்றிருந்த ஹாம்கள் தங்கள் ரேடியோவில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடக்கும் 100 மைல் ஓட்டப் பாதையில் பல இடங்களில் செல்போன் சிக்னலே கிடையாது, அங்கும் ஹாம்கள்தான். குரலுக்குச் சொன்ன காரணம் படத்துக்கும் பொருந்தும். அதோடு, ஒருவர் ஐந்து நிமிடம் விவரிப்பதை ஒரு படம் ஐந்து நொடியில் காட்டிவிடும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: யார் பார்க்கப் போகிறார்கள்?

புதியவர்கள் டிரான்ஸ்மிட்டர் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அது இல்லை. நிகழ்ச்சி அமைப்பாளரிடம் போய், “கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தால் ஒரு முடிவைச் சீக்கிரம் எடுப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருக்கும். முடிவுக் கோட்டில் கூட்டம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது? மருத்துவக் கூடாரத்தின் வாசலில் வரிசை நிற்கிறதா? கடைசி ஓட்டக்காரர் பாலத்தைத் தாண்டிவிட்டாரா, சாலையைத் திறந்துவிடலாமா? வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டதா? ஊர்வலமாக இருந்தால், எந்த அலங்கார வண்டி எந்த முனையில் நின்றுபோனது?

இப்படி ஓரிரண்டு கேள்விகளாவது கிடைக்காவிட்டால் அந்த நிகழ்ச்சிக்கு டிவி தேவையில்லை. குரலே போதும் என்று துணிந்து சொல்லிவிடுங்கள். கேள்வி கிடைத்துவிட்டால் கேமரா நிற்க வேண்டிய இடம் தானாகத் தெரிந்துவிடும். படம் போய்ச் சேர வேண்டிய இடமும் தெரியும். இந்த இரண்டு புள்ளிகளையும் வரைபடத்தில் குறித்த பிறகே கருவி பற்றிய பேச்சு.

சட்டம் என்ன சொல்கிறது

ஹாம் ரேடியோவுக்கான எஃப்சிசியின் பாகம் 97 விதிகளில் இந்த வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள சில உண்டு. அவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறையும், தொடர்பு முடியும்போதும் உங்கள் கால் சைனைச் சொல்லியாக வேண்டும். படத்திலேயே காட்டினாலும் செல்லும். ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, கேமரா முன் சில நொடி நீட்டுவது எளிய வழி. திரையில் எழுத்து பதிக்கும் சிறு பலகையை கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் வைத்துவிட்டால் மறதிக்கே இடமில்லை.

ஹாம் அலைவரிசையில் இசை அனுப்பக் கூடாது. ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம் போகும், முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கியில் பாட்டு அலறும். உங்கள் கேமராவின் மைக் அதை அப்படியே அனுப்பிவிடும். ஆகவே என் பரிந்துரை: படத்தோடு ஒலியே அனுப்பாதீர்கள். மைக்கைக் கழற்றிவிடுங்கள். பேச்சு முழுவதும் தனி ரேடியோவில் நடக்கட்டும்.

செய்தி நிறுவனத்துக்கோ டிவி சேனலுக்கோ நிகழ்ச்சி தயாரித்துத் தரும் வேலைக்கு ஹாம் நிலையத்தைப் பயன்படுத்தக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டும் செய்யக் கூடாது. பக்கத்தில் நிற்கும் செய்தியாளர் “எங்களுக்கும் ஒரு இணைப்புக் கொடுங்களேன்” என்று கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

பொருளை மறைக்கும் நோக்கில் சங்கேதமாக்குவதற்கும் தடை உண்டு. அப்படியென்றால் நீங்கள் அனுப்பும் படத்தை அந்த வட்டாரத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மருத்துவக் கூடாரத்தைக் காட்டும்போது இதை நினைவில் வையுங்கள். வாசலில் நிற்கும் வரிசையைக் காட்டலாம், படுத்திருப்பவரின் முகத்தைக் காட்டக் கூடாது. இது விதிக்காக மட்டும் சொல்வதில்லை. மயங்கிக் கிடப்பவரிடம் நாம் அனுமதி கேட்க முடியாது.

உரிமம் இல்லாத நண்பர் கேமராவைப் பிடிக்கலாம். டிரான்ஸ்மிட்டருக்குப் பொறுப்பாக உரிமம் பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 70 சென்டிமீட்டர் பேண்டு 434 முதல் 438 வரை, மொத்தமே 4 மெகாஹெர்ட்ஸ். கீழே சொல்லப்படும் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அனலாக் சேனல் அதற்குள் அடங்காது. உங்கள் உரிமத்தில் அந்தப் பேண்டுக்கு எந்தெந்த அனுப்பும் முறைகள் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகே எதையும் தொடங்குங்கள்.

அனலாக்கா, டிஜிட்டலா?

இன்று புதிதாக வருபவருக்கு முன்னே நான்கு வழிகள் இருக்கின்றன.

பழைய வழி அனலாக். கேபிள் டிவி காலத்து முறைதான்: 439.25 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பினால், அமெரிக்க கேபிள் வரிசையில் அது 60ஆம் சேனல். 427.25 என்பது 58ஆம் சேனல். பழைய டிவி ஒன்றைக் கேபிள் முறைக்கு மாற்றி, ஆன்டெனாவைச் செருகினால் படம் தெரியும். தனி ரிசீவரே வேண்டாம். சிக்னல் குறைந்தால் படம் மெல்ல மெல்லப் புள்ளி விழுந்து மங்கும், சட்டென்று அறுந்துவிடாது. அதனால் கற்றுக்கொள்ள மிக நல்ல முறை. குறை என்னவென்றால், அமெரிக்காவின் பெரிய டிவி நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்றே அனலாக்கை நிறுத்திவிட்டன; அனலாக் டியூனர் உள்ள டிவிகள் அரிதாகி வருகின்றன. நல்ல நிலையிலுள்ள பழைய சிறு டிவி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இரண்டாவது டிவிபி-டி என்னும் டிஜிட்டல் முறை. ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் தரைவழி டிவிக்குப் பயன்படும் அதே முறையை 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சுருக்கி ஹாம்கள் பயன்படுத்துகிறார்கள். தைவானின் ஹைடெஸ் நிறுவனம் இதற்கான மாடுலேட்டர் (படத்தை அலையில் ஏற்றும் கருவி), ரிசீவர் இரண்டையும் விற்கிறது. அமெரிக்க வீட்டு டிவி வேறு முறையில் இயங்குவதால் இந்தச் சிக்னலைப் பிடித்துக் காட்டாது. தனி ரிசீவர் அவசியம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அனலாக்கில் இரட்டை உருவமாகத் தெரியும்; டிவிபி-டி அவற்றைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ அனுப்ப இதுவே சிறந்தது என்பது என் கருத்து. தாமதம் மட்டும் சற்று உண்டு. நீங்கள் கேமராவைத் திருப்பியதைக் கட்டுப்பாட்டு அறை சிறிது நேரம் கழித்துத்தான் பார்க்கும்.

மூன்றாவது, டிரோன் ஆட்கள் பயன்படுத்தும் 5.8 கிகாஹெர்ட்ஸ் சிறு டிரான்ஸ்மிட்டர். மலிவு, எடையே கிடையாது. ஆனால் ஒரு மனிதர் குறுக்கே நின்றாலும் சிக்னல் விழுந்துவிடும். நூறு இருநூறு மீட்டர் தூரத்துக்கு, அதுவும் நேர் பார்வையில் மட்டும். கூட்டத்துக்குள் புகுந்து படம் எடுப்பவர் இதில் அனுப்ப, ஓரமாக நிற்கும் வண்டியில் அதை வாங்கி 70 சென்டிமீட்டரில் மேலே அனுப்புவது அருமையான ஏற்பாடு. இரண்டு பேருக்கும் வேலை உண்டு.

நான்காவது மெஷ் வலை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்து பின்னும் வலை. கடைகளில் கிடைக்கும் வைஃபை கருவிகளில் ஏஆர்இடிஎன் மென்பொருளை ஏற்றி, ஹாம் பகுதியில் இயக்கி, ஐபி கேமராக்களை இணைப்பது. அசையாத கேமராக்களுக்கு நன்றாக இருக்கும். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் கருவி எது என்று ஒற்றை வரியில் கேட்டால்: உங்கள் ஊர் சங்கத்தில் ஏற்கெனவே எந்த ரிசீவர் ஓடிக்கொண்டிருக்கிறதோ, அதற்குப் பொருந்துவது.

அலைவரிசை, அதோடு ஒரு முக்கியமான கணக்கு

டிவி படம் மிக அகலமான விருந்தாளி. ஒரு குரல் சேனலுக்கு 15 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் இடம் போதும். அனலாக் படத்துக்கு 6 மெகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 300 மடங்குக்கு மேல். ஆகவே வட்டார அலைவரிசை ஒருங்கிணைப்பாளரிடமும் பக்கத்து ரிப்பீட்டர் (வாங்கிய சிக்னலை மறுபடி அனுப்பும் நிலையம்) பொறுப்பாளரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். 435 முதல் 438 வரை செயற்கைக்கோள்களுக்கான பகுதி. வடிகட்டி இல்லாத சிறிய அனலாக் டிரான்ஸ்மிட்டர் படத்தைக் கேரியர் என்னும் மைய அலையின் இரு பக்கமும் பரப்பும் என்பதால் அந்தப் பகுதியிலும் அது கொஞ்சம் இறங்கும். ஒரு வாட்டுக்குள் இருங்கள், தேவைப்படும்போது மட்டும் இயக்குங்கள். கனடா எல்லையை ஒட்டி ‘லைன் ஏ’ என்ற கோடு உண்டு; அதற்கு வடக்கே இருப்பவர்கள் 420 முதல் 430 வரை அனுப்பவே கூடாது. 70 சென்டிமீட்டரில் ராணுவ ராடார்களுக்கே முன்னுரிமை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இப்போது கணக்கு. படம் 70 சென்டிமீட்டரில் போகும். பேச்சு வழக்கமாக 2 மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் நடக்கும். 2 மீட்டர் ரேடியோ எதுவாக இருந்தாலும், அனுப்பும் அலைவரிசையின் மூன்று மடங்கில் சிறிதளவு கசியும். 146ஐ மூன்றால் பெருக்கினால் 438. 148ஐ மூன்றால் பெருக்கினால் 444. கேபிள் 60ஆம் சேனலின் எல்லைகள் என்ன? 438 முதல் 444 வரை! 2 மீட்டர் பேண்டின் மேல் பாதி முழுவதும் அச்சு அசலாக நம் டிவி சேனலின் மேல் போய் விழுகிறது. படம் வாங்கும் இடத்தில், பக்கத்தில் இருப்பவர் 146.43இல் பேச்சுப் பொத்தானை அழுத்தியதும் திரையில் கோடுகள் ஓடுவதற்குக் காரணம் இதுதான், 146.43ஐ மூன்றால் பெருக்கினால் 439.29 வருகிறது.

தீர்வுகள் எளியவை. 439.25இல் படம் வாங்குவதாக இருந்தால் பேச்சை 144.34க்கு மாற்றுங்கள், அதன் மூன்று மடங்கு 433.02, சேனலுக்கு வெளியே போய்விடும். பல ஊர்களில் டிவி ஹாம்கள் சந்திக்கும் அலைவரிசையும் அதுவே. மாற்ற முடியாத இடத்தில் பேச்சு ஆன்டெனாவையும் டிவி ஆன்டெனாவையும் முடிந்த அளவு தள்ளி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வையுங்கள். பேசும் ரேடியோவின் பவரைக் குறையுங்கள்.

படத்தை வாங்கும் பக்கத்தில் உழையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

ஹாம் டிவியில் படத்தின் தரத்தை பி0 முதல் பி5 வரை சொல்வார்கள். பி5 என்றால் புள்ளியே இல்லாத தெளிவு. பி3இல் புள்ளிகள் தெரியும், ஆனால் விஷயம் புரியும். பி1இல் ஏதோ அசைகிறது என்று மட்டும் தெரியும். பி0 என்றால் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படிக்கும் இடையே ஏறத்தாழ 6 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு). நேர் பார்வையில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் போகும், அதாவது ஒரு படி இறங்கும். அதே ஒரு படியைப் பவரால் ஏற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு பவர் வேண்டும்: ஒரு வாட்டை நான்கு வாட்டாக்க வேண்டும். பேட்டரியும் எடையும் சூடும் கூடவே ஏறும்.

சரி, ஒரு வாட் எவ்வளவு தூரம் போகும்? 439 மெகாஹெர்ட்ஸில், தடையில்லாத வெளியில், ஒரு கிலோமீட்டரில் இழப்பு சுமார் 85 டெசிபெல். ஒரு வாட் என்பது 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). தோளில் இருக்கும் சிறு ஆன்டெனாவுக்குக் கூடுதல் பலம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் பக்கத்தில் ஒரு திசையை நோக்கும் யாகி ஆன்டெனா 10 டெசிபெல் தருகிறது. ரிசீவருக்கு வந்து சேர்வது மைனஸ் 45 டிபிஎம் அளவு. வரும் சிக்னலைப் பெருக்கித் தரும் நல்ல முன்பெருக்கி வைத்த ரிசீவரில் பி5 படத்துக்கு மைனஸ் 60 பக்கம் தேவைப்படும். கையில் 15 டெசிபெல் மிச்சம். காகிதத்தில் நான்கைந்து கிலோமீட்டர் போகலாம். தரையிலோ ஒரு வரிசை மரமும் ஒரு கட்டடமும் சேர்ந்து 20, 30 டெசிபெல்லைத் தின்றுவிடும். ஆகவே தரையில் நடப்பவரிடமிருந்து தரையில் இருப்பவருக்கு என்றால் சில நூறு மீட்டர்தான் நிச்சயம்.

இழந்ததை மீட்கும் மலிவான வழி உயரம். வாங்கும் ஆன்டெனாவை மருத்துவக் கூடாரத்தின் பக்கத்தில் நடாதீர்கள்; ஐந்து மாடி வாகன நிறுத்தக் கட்டடத்தின் மொட்டை மாடி, மருத்துவமனைக் கூரை, பாதையைப் பார்த்தபடி நிற்கும் குன்று என்று தேடுங்கள். கட்டடக்காரரிடம் அனுமதி வாங்குவது ஆம்ப்ளிஃபயர் வாங்குவதைவிடப் பல மடங்கு பலன் தரும். அந்த உயரத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் படத்தை ஒரு நீள கேபிளிலோ, மெஷ் இணைப்பிலோ இறக்கிக்கொள்ளலாம்.

முன்பெருக்கி ஆன்டெனாவின் காலடியிலேயே இருக்கட்டும். கேபிளின் மறுமுனையில் வைத்தால் பாதிப் பலன் கேபிளிலேயே போய்விடும். கேபிள் என்றதும்: ஆர்ஜி-58 வகை 440 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு 10 டெசிபெல் அளவில் விழுங்கும். பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். எல்எம்ஆர்-400 அதே நீளத்துக்கு மூன்றுக்கும் குறைவு. டிரான்ஸ்மிட்டர் பக்கம் அரை மீட்டர் துண்டுக்கு எதுவும் போதும். வாங்கும் பக்கம் தடித்த கேபிளுக்குச் செலவழியுங்கள்.

அனுப்பும் ஆன்டெனா நெட்டுக்குத்தாக இருந்தால் வாங்கும் ஆன்டெனாவும் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். ஒன்று கிடை, ஒன்று நெட்டு என்றால் 20 டெசிபெல் வரை போய்விடும். வீட்டில் நிலையாக இருக்கும் டிவி ஹாம்கள் பலர் கிடையாக வைத்திருப்பார்கள். நடமாடும் ஆட்களுக்கு நெட்டுக்குத்து வசதி. நிகழ்ச்சிக்கு முன் இதைப் பேசி ஒன்றாக்கிவிடுங்கள்.

யாகியைத் திருப்பி நேராக்குவது தூர்தர்ஷன் காலத்தைக் கண்டவர்களுக்குத் தெரிந்த கலை. மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருவர் “தெரியுது… தெரியுது… போச்சு, திரும்பவும் கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று கத்துவாரே, அதேதான். கத்துவதற்குப் பதில் 2 மீட்டர் ரேடியோ. தென் தமிழகக் கடலோரத்தில் இலங்கையின் ரூபவாஹினி டிவியைப் பிடிக்க இப்படித் திருப்பியவர்கள் இன்னும் பொறுமைசாலிகள். டிஜிட்டலில் மட்டும் கண்ணை நம்பக் கூடாது. படம் தெளிவாகவே இருக்கும், திடீரென்று உறைந்து காணாமல் போகும். ரிசீவர் காட்டும் சிக்னல்-இரைச்சல் எண்ணைப் பார்த்துத் திருப்புங்கள். அறுந்துபோகும் எல்லையைவிடப் பத்து டெசிபெல்லாவது மேலே நிற்கும்படி பாருங்கள்.

தூக்கிச் செல்லும் மூட்டை

ஒரு முதுகுப்பை, ஒரு பேட்டரி, ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு கேமரா, தலைக்கு மேல் நிற்கும் ஓர் ஆன்டெனா. இவ்வளவுதான் நிலையம்.

ஆன்டெனா தலைக்கு மேல் இருக்க இரண்டு காரணங்கள். மனித உடல் 70 சென்டிமீட்டர் அலையை நன்றாக உறிஞ்சும். இடுப்பில் வைத்தால் உங்களுக்குப் பின்னால் படமே போகாது. அடுத்து, டிரான்ஸ்மிட் செய்யும் ஆன்டெனாவைக் கண்ணுக்கும் மூளைக்கும் அருகில் மணிக்கணக்கில் வைத்திருப்பது நல்லதல்ல. பையின் சட்டத்தில் ஒரு பிவிசி குழாயைச் செருகி, தலைக்கு இரண்டடி மேலே ஆன்டெனாவை நிறுத்துங்கள். 439 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 17 சென்டிமீட்டர்; ஒரு கனெக்டரின் நடு முனையில் ஒரு கம்பி, கீழே சாய்ந்த நான்கு கம்பிகள் என்று வீட்டிலேயே செய்யலாம். தாழ்வான மின்கம்பி, மரக்கிளை, கூடார விளிம்பு ஆகியவற்றின் கீழ் குழாயோடு நடப்பதை மறந்துவிடாதீர்கள்.

பேட்டரிக் கணக்கு: டிரான்ஸ்மிட்டருக்கு 1 ஆம்பியர், கேமராவுக்கு 0.3, சிறிய மானிட்டருக்கு 0.5 என்றால் மொத்தம் 1.8. ஐந்து மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-மணி. 15 அல்லது 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி ஒன்று நிம்மதி தரும். எடை குறைவு, தீரும் வரை வோல்டேஜ் பெரிதாக இறங்காது. ஈய-அமிலப் பேட்டரியாக இருந்தால் எழுதியிருப்பதில் பாதியையே நம்புங்கள். பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள். கனெக்டருக்கு ஆண்டர்சன் பவர்போல். அவசரச் சேவை ஹாம்கள் பலரும் அதையே வைத்திருப்பதால் ஒருவர் பேட்டரியை மற்றவர் உடனே செருகிக்கொள்ளலாம்.

கேமராவில் அனலாக்குக்கு மஞ்சள் ஆர்சிஏ வெளியீடு வேண்டும், டிஜிட்டலுக்கு எச்டிஎம்ஐ. எச்டிஎம்ஐ வழியாக மெனு எழுத்துகள், பேட்டரிப் படம் எல்லாம் சேர்ந்து வரும் கேமராக்கள் உண்டு. அவற்றை அணைக்க முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். ஹெல்மெட்டில் மாட்டும் ஆக்‌ஷன் கேமராவின் அகலப் பார்வையில் எல்லாமே எறும்பளவு தெரியும்; ஓட்டக்காரரின் மார்பு எண்ணைப் படிக்க ஜூம் உள்ள கேமரா வேண்டும்.

ஒரு வெயில் மறைப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் மானிட்டரில் எதுவும் தெரியாது.

ஒரு வாரம் முன்பு நடந்து பாருங்கள்

நிகழ்ச்சிக்கு முன் இரண்டு பேர் போதும். ஒருவர் வாங்கும் இடத்தில், ஒருவர் மூட்டையோடு பாதையில். நடப்பவர் ஒவ்வொரு முனையிலும் நின்று இடத்தைச் சொல்ல, வாங்குபவர் பி எண்ணைச் சொல்வார், வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பி3க்குக் கீழே விழும் இடங்களில் தெருவின் மறுபக்கம் போய்ப் பாருங்கள். சில அடி நகர்ந்தாலே படம் ஏறும் இடங்கள் உண்டு. திரும்பி வரும் அலைகளின் விளையாட்டு அது. நல்ல இடங்களைச் சாக்பீஸால் குறித்துவைக்கலாம். நிகழ்ச்சி நாளில் அந்தத் தெருவில் ஆயிரம் தலைகளும் உயரமான வண்டிகளும் இருக்கும். ஆகவே வெறுந்தெருவில் பி3 வந்த இடத்தை நம்பாதீர்கள், பி4 வேண்டும்.

நிகழ்ச்சி நாளில்

ஒரு சேனலில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் படம் அனுப்ப முடியும். யார், எப்போது என்பதை, ரேடியோப் பேச்சை ஒழுங்குபடுத்தும் நெட் கன்ட்ரோல் சொல்வார். மூன்று கேமராக்கள் இருந்தால் எல்லாம் அணைந்தே இருக்கும். “பாலம், படம் அனுப்பு” என்றதும் பாலத்தில் இருப்பவர் இயக்குவார், “பாலம், நிறுத்து” என்றதும் அணைப்பார். இதனால் பேட்டரியும் மிஞ்சும், பேண்டும் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

படம் எடுக்கும் விதத்தில் இரண்டே பழக்கம். கேமராவை அசைக்காமல் பிடியுங்கள். முடிந்தால் முக்காலியிலோ கம்பத்திலோ சாய்த்து வையுங்கள். 2 மெகாஹெர்ட்ஸ் டிவிபி-டியில், உறுதியான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், நொடிக்கு ஒன்றரை மெகாபிட் அளவே இடம் கிடைக்கும். கேமரா அசைந்தால் திரை முழுவதும் மாறும், அந்த ஒன்றரை மெகாபிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்தது, ஒரு காட்சியைப் பத்து நொடியாவது நிறுத்துங்கள். கட்டுப்பாட்டு அறையில் பார்ப்பவர் டிவி முன்பே உட்கார்ந்திருக்க மாட்டார்; திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் வேண்டும்.

காட்டும்போது 2 மீட்டரில் சேர்த்துச் சொல்லுங்கள்: “இது மருத்துவக் கூடாரம், மேற்கு வாசல், வரிசையில் எட்டுப் பேர்.” எங்கே, எந்தத் திசை என்று தெரியாத படம் குழப்பத்தையே தரும். உங்களுக்குத் தெரியாத இடத்தை அமைப்பாளர் கேட்டால், “போய்ச் சேர நான்கு நிமிடம்” என்று நேரத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

எதிர்பாராத விபத்து நடந்தால் உங்கள் முதல் வேலை குரல்: எங்கே, என்ன, எத்தனை பேர். படம் அதன் பிறகு, அதுவும் நெட் கன்ட்ரோல் கேட்டால். மீட்புப் பணியாளர் வழியில் நிற்காதீர்கள்.

முடிந்ததும் வாங்கும் இடத்தில் இருந்தவரோடு உட்கார்ந்து வரைபடத்தில் அன்றைய பி எண்களை வேறு நிற மையில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பாதைக்கு வரும் புதியவருக்கு அந்தத் தாள் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். அமைப்பாளரிடம் எந்தப் படம் உதவியது, எதை அவர் பார்க்கவே இல்லை என்று கேட்டு அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளை அன்றிரவே சார்ஜில் போடுங்கள். இன்னும் எந்தக் குழுவிலும் சேரவில்லையென்றால், உங்கள் கவுண்டியில் (மாவட்டத்தில்) ஏரீஸ் என்று அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோ அவசரச் சேவைக் குழுவைத் தேடி, அவர்கள் அடுத்து எந்த ஓட்டத்துக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். முதல் முறை மூட்டை இல்லாமல், வாங்கும் ஆன்டெனாவைத் திருப்பும் வேலைக்குப் போங்கள்.